ஆளுமைக் கோளாறு உள்ளவர் சொல்வதெல்லாம் பொய்யா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு வயது 31. செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. சகோதரி ஈப்போவில் ஒரு பேரங்காடியில் வேலை பார்க்கிறார். அவர் எழுதியதன் சுருக்கம் இது: "ஒரு நாள் போனை எடுக்காவிட்டால் போதும், 'நீயும் என்னைக் கைகழுவிவிட்டாய்' என்கிறான். மறுநாளே 'நீ இல்லாவிட்டால் நான் இல்லை, அக்கா' என்று அழுகிறான். நான் சொல்லாததைச் சொன்னதாகச் சாதிக்கிறான். மாமா திமிர் என்கிறார், அம்மா செய்வினை என்கிறார். மருத்துவமனையில் எல்லைநிலை ஆளுமைக் கோளாறு (borderline personality disorder) என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவன் ஒழுங்காக வேலைக்குப் போகிறான், கணக்கு வழக்கெல்லாம் சரியாகப் பார்க்கிறான். அவன் பொய் சொல்கிறானா? நான் எதைப் பேசினாலும் ஏன் தப்பாகிறது? இனிமேல் போனை எடுக்காமலேயே இருந்துவிடலாமா?"

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விவரிக்கிறபடி பார்த்தால், அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்பவருக்கு உண்மை எது என்று தெரியும். தெரிந்துகொண்டே மாற்றிச் சொல்வார். உங்கள் தம்பி "கைகழுவிவிட்டாய்" என்று சொல்லும் அந்த நிமிடத்தில் அவருக்குத் தெரிகிற உண்மை அது ஒன்றுதான். கிந்தா வட்டாரத்தில் மனநலப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். குடும்பங்கள் நொந்து நூலாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பொய் என்று முடிவு கட்டிவிட்டால் அதற்குப் பிறகு வீட்டில் நடப்பதெல்லாம் விசாரணைதான்: எப்போது சொன்னேன், யார் முன்னால் சொன்னேன், சாட்சியைக் கூப்பிடு. அந்த விசாரணையில் யாரும் ஜெயித்து நான் பார்த்ததில்லை.

அந்தப் போன் விஷயத்தையே அருகில் போய்ப் பார்ப்போம். ஷிப்ட் முடிந்து, ஆலை வாசலில் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடி உங்களை அழைக்கிறார். உங்கள் போன் வேலையிடத்து லாக்கரில் கிடக்கிறது. மணி அடித்து ஓய்கிறது. இன்னொருவராக இருந்தால், "வேலையாக இருப்பார்" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். உங்கள் தம்பிக்கோ சிந்தனைக்கு முன்னால் உடம்பு பேசுகிறது. வயிற்றைப் பிசைகிறது, நெஞ்சு படபடக்கிறது. பயம் வந்துவிட்டது. பயம் வந்துவிட்டதால், பயப்பட ஏதோ ஒரு காரணம் இருந்தே ஆகவேண்டும் என்று மனம் அதைத் தேடுகிறது. போன வாரம் நீங்கள் பேச்சைச் சீக்கிரம் முடித்துக்கொண்டது நினைவுக்கு வருகிறது. தீபாவளிக்கு நீங்கள் வாங்கித் தந்த சட்டை அளவு சரியில்லாமல் இருந்தது நினைவுக்கு வருகிறது. "என் அளவுகூட அக்காவுக்கு ஞாபகமில்லை." வாட்ஸ்அப்பைத் திறந்தால், காலையில் அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் இரண்டு நீலக் குறிகள். பதில் இல்லை. "பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாள்." மறுபடியும் அழைக்கிறார், மறுபடியும். நீங்கள் இரவு எட்டரைக்கு லாக்கரைத் திறக்கும்போது வழக்கு முடிந்து தீர்ப்பே எழுதியாகிவிட்டது. நீங்கள் இல்லாமல் நடந்த வழக்கு அது. அதனால்தான் உங்கள் விளக்கம் எடுபடுவதில்லை.

இதில் நான்கைந்து சிந்தனைத் திரிபுகள் ஒன்றன் தோள்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. எனக்கு அப்படித் தோன்றுகிறது, ஆகவே அது அப்படித்தான் என்று உணர்வையே ஆதாரமாக்குவது ஒன்று. அடுத்தவர் மனத்தில் இருப்பதைக் கேட்காமலேயே தெரிந்துவிட்டதாக நம்புவது இன்னொன்று. நூறு நல்ல நாட்களை விட்டுவிட்டு ஒரு சட்டையை மட்டும் பொறுக்கி எடுப்பது, ஒரு முறை நடந்ததை எப்போதும் நடப்பதாக விரிப்பது என்று பட்டியல் நீளும். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் மனச்சோர்வு நோயாளிகளைக் கவனித்து இத்தகைய திரிபுகளை வகைப்படுத்தினார். பின்னர் அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் அதே பார்வையை ஆளுமைக் கோளாறுகளுக்கும் கொண்டுசென்றார்கள்.

இவை எல்லாருக்கும் உண்டு. எனக்கும் உங்களுக்கும் உங்கள் மாமாவுக்கும் உண்டு. வேறுபாடு எதில் என்றால், மனச்சோர்வு வந்தவருக்குச் சோர்வு நீங்கியதும் சிந்தனையும் பெரும்பாலும் தெளிந்துவிடும், "அப்போது ஏன் அப்படி நினைத்தேன்?" என்று அவரே கேட்பார். ஆளுமைக் கோளாற்றில் அந்தச் சிந்தனை இளவயதிலேயே தொடங்கி, வீடு, வேலை, நட்பு, காதல் என்று போகிற இடமெல்லாம் கூடவே வருகிறது. வந்து போகிற ஒன்றாக அது அவருக்குத் தெரிவதில்லை. உலகம் இப்படித்தான் இருக்கிறது என்றே தெரிகிறது. நெஞ்சுவலி வந்தவர் "எனக்கு வலிக்கிறது" என்று மருத்துவரிடம் போவார். இங்கே "மற்றவர்கள் என்னை இப்படி நடத்துகிறார்களே" என்பதுதான் முறையீடு. வேலை ஒழுங்காக நடப்பதைக் கண்டு நீங்கள் குழம்ப வேண்டாம். கணக்கோ இயந்திரமோ அவரைக் கைவிட்டுவிடும் என்ற பயம் அவருக்கு இல்லை. நெருக்கமானவர்களிடம்தான் இது பற்றிக்கொள்கிறது. எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வேகம். அவர் உங்களிடம் மட்டும் இப்படி நடந்துகொள்வது, உங்கள் மேல் வைத்திருக்கும் பற்றின் அளவு.

ஒரு நாள் கைகழுவியவள், மறுநாள் உயிர் என்கிறாரே, அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் மனத்தில் இரண்டு அக்காக்கள் இருக்கிறார்கள். ஒருவர் முழுக்க நல்லவர், மற்றவர் முழுக்கக் கெட்டவர். இருவரும் ஒரே நேரத்தில் அங்கே இருப்பதில்லை. அன்பும் உண்டு, சில சமயம் அலுப்பும் உண்டு என்று இரண்டையும் ஒரே ஆளிடம் சேர்த்துப் பார்க்க நம்மில் பலருக்குச் சிறுவயதிலேயே வாய்த்துவிடுகிறது. உளப்பகுப்பாய்வாளர்களான மெலனி கிளெய்ன், பிறகு ஓட்டோ கெர்ன்பெர்க் ஆகியோர் இந்தப் பிளவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கெட்ட அக்கா வந்திருக்கும் நேரத்தில் நல்ல அக்கா செய்ததெல்லாம் நினைவில் எட்டுவதில்லை. நீங்கள் "சரி, பார்க்கலாம்" என்று சொன்னது, அந்த மனநிலையில் "உன்னைப் பார்க்கவே விருப்பமில்லை" என்று பதிவாகியிருக்கும். சொல்லாததைச் சொன்னதாகச் சாதிப்பது பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது. இந்தக் கோளாறு உள்ளவர்கள் எந்த உணர்ச்சியும் காட்டாத முகத்தைக்கூடக் கோபமான முகமாக வாசிப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. களைத்துப்போய் வீடு திரும்பும் உங்கள் முகம் அவருக்கு எப்படித் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் குடும்பங்கள் கவனிப்பதில்லை. அதே மனத்தில் இரண்டு தம்பிகளும் இருக்கிறார்கள். உங்களைத் தூற்றி முடித்த இரவில், "நான் எதற்கும் லாயக்கில்லாதவன்" என்று தன்னையே தூற்றிக்கொண்டு விழித்துக் கிடப்பவரும் அவர்தான். அந்த இரவை நீங்கள் பார்ப்பதில்லை.

எல்லா ஆளுமைக் கோளாறும் இப்படி இருக்காது. சந்தேக வகையினரைப் பாருங்கள். நம் பக்கத்துத் தோட்டங்களில் நடக்கக்கூடிய கதை ஒன்றைச் சொல்கிறேன். பலரைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன். மாரியம்மன் கோயில் திருவிழா அழைப்பிதழில் ஒருவர் பெயர் விடுபட்டுப் போகிறது. அச்சகத்தில் நேர்ந்த பிழை என்று செயலாளர் வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்கிறார். "மன்னிப்புக் கேட்க இவ்வளவு தூரம் வருகிறான் என்றால் ஏதோ மறைக்கிறான்" என்பது அவருடைய முடிவு. வராமல் இருந்திருந்தால், "கேட்கக்கூட வரவில்லை பார்" என்றிருப்பார். எது நடந்தாலும் அது முன்பே எடுத்த முடிவுக்குச் சாட்சியாகிவிடும். சண்டைக்கார சிறுவர்கள், தற்செயலாக நேர்ந்ததையும் வேண்டுமென்றே செய்ததாக எடுத்துக்கொள்வதை கென்னெத் டாட்ஜ் என்ற உளவியலாளர் 1980இல் ஆய்வில் காட்டினார். இது அதன் முதிர்ந்த வடிவம்.

சமூக விரோத வகையில் பொய் உண்டு, தெரிந்தே சொல்லும் பொய். அங்கே திரிபு, நியாயம் கற்பிப்பதில் இருக்கிறது. மனைவியின் தாலிக்கொடியை அடகுக்கடையில் வைத்தவர் சொல்வார்: என் வீட்டு நகைதானே, அவள் பேசிய பேச்சுக்கு இது போதாது, யார்தான் செய்யவில்லை, என்னைக் கேட்க இவன் யோக்கியனா? கிரெஷம் சைக்ஸ், டேவிட் மட்ஸா என்ற இரு சமூகவியலாளர்கள் இளம் குற்றவாளிகள் சொல்லும் இத்தகைய சமாதானங்களை 1957இலேயே வகை பிரித்திருக்கிறார்கள். அவற்றை ஈப்போ நீதிமன்ற வாசலில் அப்படியே கேட்கலாம். தற்பெருமை வகை, எல்லாவற்றிலும் குறைகாணும் கண்டிப்பு வகை, யாராவது கேலி செய்வார்கள் என்று ஒதுங்கியே வாழும் வகை என்று இன்னும் உண்டு. அமெரிக்க வகைப்பாடு 10 வகைகளைச் சொல்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் புதிய வகைப்பாடு, பெயர்களைக் குறைத்து, கோளாறு எவ்வளவு கடுமையானது என்பதற்கு முதலிடம் கொடுக்கிறது. நான் இதை வரவேற்கிறேன். பெயர் மாட்டுவதால் குடும்பத்துக்குக் கிடைக்கும் நன்மை குறைவு. ஆளையே அந்தப் பெயரால் அழைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இது எங்கிருந்து வருகிறது? பாதி பிறவிக் குணம். சில பிள்ளைகள் சீக்கிரம் கலங்கி, அதிகம் கலங்கி, மெதுவாகத் தணிகிறார்கள். பெற்றோரைக் கேட்டால் தொட்டில் பருவத்திலிருந்தே அப்படி என்பார்கள். அந்தப் பிள்ளையின் கலக்கத்தைச் சுற்றியிருப்பவர்கள் தொடர்ந்து மதிக்காமல் போவது மறுபாதி என்று அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் விளக்கினார். நம் தோட்டப்புறத்தில் அதற்கு வாய்ப்புகள் அதிகம் இருந்தன. விடியுமுன் பெரட்டுக்கு (காலை வருகைப் பதிவுக்கு) போய்விடும் பெற்றோர், வரிசை வீடுகளான லயத்தில் நான்கு வீட்டுக்குப் பொதுவாக வளர்ந்த பிள்ளைகள், தோட்டம் கைமாறியபோது ஒரே மாதத்தில் சிதறிப்போன பக்கத்து வீடுகள், பாட்டி வீட்டில் விடப்பட்டு ஆண்டுக்கணக்கில் அழைத்துக்கொள்ளப்படாத பிள்ளை. அப்பா சம்சு குடித்துவிட்டு வரும் வீட்டில், வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அன்றிரவு எப்படி இருக்கும் என்று கணிக்கத் தெரிந்த பிள்ளைதான் அடியிலிருந்து தப்பும். அந்த வீட்டில், அந்த வயதில், அது திரிபு அன்று, அறிவு. அது காப்பாற்றிய பிள்ளை, இருபது வருடம் கழித்தும் அதே கணிப்பை அக்காவின் நீலக் குறிகள்மேல் போட்டுப் பார்க்கிறது. கஷ்டமான வீட்டில் வளர்ந்த எல்லாருக்கும் இது வருவதில்லை. நல்ல வீட்டில் வளர்ந்தவர்களுக்கும் வருகிறது. ஆகவே உங்கள் அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள்.

அம்மா கோயிலுக்குப் போகட்டும், விளக்குப் போடட்டும், தம்பியையும் அழைத்துப் போகட்டும். ஆனால் செய்வினை என்ற பேச்சை மட்டும் தம்பியின் காதில் போடாமல் இருக்கச் சொல்லுங்கள். யாரோ எனக்கு எதிராக இருக்கிறார்கள் என்று ஏற்கெனவே நம்பும் மனத்துக்கு, "ஆமாம், ஒருவர் உனக்கு எதிராகச் செய்துவைத்திருக்கிறார்" என்று வீட்டார் உறுதி கொடுப்பதாகிவிடும். மாமா சொல்லும் திமிரும் அதே கெடுதலைத்தான் செய்கிறது. "நான் லாயக்கில்லாதவன்" என்ற மறுபக்கத்துக்கு அது தீனி. இரண்டுமே திரிபை வளர்க்கின்றன.

இனி, நீங்கள் பேசுவது ஏன் தப்பாகிறது என்பதற்கு வருகிறேன். அவர் பயத்தில் பேசுகிறார், நீங்கள் தகவலில் பதில் சொல்கிறீர்கள். "போன் லாக்கரில் இருந்தது, எத்தனை தடவை சொல்வது?" என்பது உண்மையான பதில், ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் அன்று. சூடு ஏறியிருக்கும்போது அடுத்தவர் மனத்தை நிதானமாக எண்ணிப் பார்க்கும் திறன் அவருக்கு அணைந்துவிடுகிறது. பீட்டர் ஃபோனகி, அந்தோணி பேட்மன் என்ற மனநல நிபுணர்கள் இருவரும் வகுத்த சிகிச்சை முழுவதும் இந்தத் திறனை மீட்பதைப் பற்றியதுதான். முதலில் உணர்வை ஒப்புக்கொள்ளுங்கள்: "நான் எடுக்காதபோது பயந்துவிட்டாய் போலிருக்கிறது. ரொம்ப நேரம் தவித்திருக்கிறாய்." அங்கே நிறுத்துங்கள். "ஆனால்" என்று தொடங்கி நியாயம் சொல்லாதீர்கள். மூச்சு தணிந்த பிறகு, மறுநாள்கூட, லாக்கர் கதையைச் சொல்லலாம்.

உணர்வை ஒப்புக்கொள்வது என்றால் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்வது என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். நீங்கள் செய்யாத ஒன்றுக்கு, சண்டை ஓயட்டும் என்று மன்னிப்புக் கேட்காதீர்கள். அவர் எழுதிய தீர்ப்புக்கு நீங்களே கையெழுத்துப் போட்டதாகிவிடும். பயம் நிஜம், கைவிட்டது நிஜமில்லை. இரண்டையும் நீங்கள் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவரால் இப்போது முடியவில்லை. "உனக்கு நோய், அதனால்தான் இப்படிப் பேசுகிறாய்" என்பதையும் ஒருபோதும் சண்டையில் ஆயுதமாக எடுக்காதீர்கள்.

போனை எடுக்காமலேயே இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் ஓடவும் வேண்டாம். முதலாவது அவர் பயத்தை மெய்ப்பிக்கும். இரண்டாவது, பத்து முறை அழைத்தால்தான் அக்கா கிடைப்பாள் என்று கற்றுத் தரும். ஒரு நேரத்தைச் சொல்லுங்கள், "எட்டரைக்கு வேலை முடியும், எட்டே முக்காலுக்கு நானே அழைக்கிறேன்" என்று. சொன்னபடி அழையுங்கள், பேச ஒன்றுமில்லாத நாளிலும். கத்தத் தொடங்கினால், "கத்தும்போது என்னால் கேட்க முடியவில்லை, இப்போது வைக்கிறேன், அரை மணி நேரத்தில் நானே அழைப்பேன்" என்று சொல்லிவிட்டு வையுங்கள். அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு நீங்கள் அழைப்பதுதான் இதில் மிக முக்கியமான பகுதி. போனை வைத்தவள் திரும்பி வருகிறாள் என்பதை அவர் மனம் விவாதத்தில் கற்காது, நடப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்கும். தொடக்கத்தில் அழைப்புகள் கூடும்; சோதித்துப் பார்ப்பார். தளர்ந்துவிடாதீர்கள்.

குணமாகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்திருக்கும். குணமாகும் வாய்ப்பு பலரும் நினைப்பதைவிட அதிகம். அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஸனாரினி தலைமையில், உங்கள் தம்பிக்கு எழுதிக் கொடுத்த அதே கோளாறு உள்ள 290 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 10 ஆண்டுகளுக்குள் 93 விழுக்காட்டினருக்கு, குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது நோய்க்குறிகள் தணிந்தன. வேலையும் உறவுகளும் சேர்ந்து நன்றாக அமைந்தவர்கள் சுமார் பாதிப் பேர். ஆகவே குறிகள் தணிந்த பிறகும் துணை தேவை. இதற்கென்று தனி மாத்திரை இல்லை. கூடவே வரும் மனச்சோர்வுக்கோ தூக்கமின்மைக்கோ மருத்துவர் மருந்து தரலாம். முதன்மையான சிகிச்சை பேச்சுதான். லினெஹன் வகுத்த இயங்கியல் நடத்தைச் சிகிச்சை (DBT), ஜெஃப்ரி யங்கின் ஆழ்மனப் பதிவுச் சிகிச்சை (schema therapy) ஆகியவை ஆய்வில் பயன் காட்டியவை. முழு வடிவில் எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆனால் அவற்றின் பயிற்சிகளைத் தெரிந்த ஆலோசகரைக் கேட்டுப் பெறலாம்.

தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையின் பெயரைக் கேட்டாலே நம்மவர்கள் நடுங்குகிறார்கள். 1911இல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் பெயர் இன்றும் நம்மிடையே வசைச் சொல்லாகப் புழங்குவது எனக்குப் பெரிய வருத்தம். இந்தக் கோளாறுள்ள பெரும்பாலானோரை வார்டில் படுக்க வைப்பதே இல்லை. வந்து பேசிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டணத்தில் பார்த்து, பரிந்துரைக் கடிதம் வாங்கி, நிபுணரிடமோ மெந்தாரி சமூக மனநல மையத்திடமோ போகலாம்.

"செத்துவிடுவேன்" என்று அவர் சொன்னால், மிரட்டுகிறான் என்று தள்ளாதீர்கள். இந்தக் கோளாறில் தற்கொலை ஆபத்து உண்மையானது. நேராகக் கேளுங்கள்: "சாகவேண்டும் என்று தோன்றுகிறதா? எப்படி என்றும் யோசித்துவிட்டாயா?" கேட்பதால் அந்த எண்ணம் வராது. வீட்டில் உள்ள களைக்கொல்லி, பூச்சிமருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள். தோட்டப்புற வீடுகளில் இவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 309 நம் நாட்டில் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் இருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. உடனடி ஆபத்து என்றால் 999. அவர் கை நீட்டினால், நோய் என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம், குடும்ப வன்முறைக்கும் உதவும் 15999 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

அடுத்த முறை அவரோடு மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, தம்பிக்குத் தெரியவே ஒரு தாள் எழுதிக்கொண்டு போங்கள். "கோபக்காரன்", "சந்தேகப்படுகிறான்" என்று எழுதாமல் நடந்ததை எழுதுங்கள்: எந்தத் தேதி, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவர் என்ன சொன்னார், எவ்வளவு நேரத்தில் தணிந்தார், முந்தின இரவு தூங்கினாரா, குடித்திருந்தாரா. தணிந்த நாட்களையும் எழுதுங்கள். கடைசிப் பாதியை அவரையே எழுதச் சொல்லுங்கள்.